வெள்ளரிக்காய் என்றால் திறக்காத கதவு

செவ்வாய் காலை, திருநெல்வேலி

மும்பை வண்டியில் ஏறியதும் நான் செய்த முதல் வேலை, பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி கட்டி இரண்டு பூட்டுப் போட்டதுதான். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். மும்பை லோக்கல் ரயில்களில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் நான். பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக, டிக்கெட் மட்டும் இல்லாமல் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "பாக்கியம் பெத்த பிள்ளையக்கூட ஆதார் கார்டு பாத்துத்தான் வீட்டுக்குள்ள விடுவா" என்று என் சிநேகிதிகள் கேலி செய்வார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. மும்பையில் எனக்கென்று மூன்று பேர் இருக்கிறார்கள். மாட்டுங்காவில் விசாலம், ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். செம்பூரில் ஸ்டெல்லா, நாசரேத்துக்காரி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள். தாராவியில் மைதீன் பீவி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, கணவரோடு சேர்ந்து தோல் பைப் பட்டறை நடத்தியவள். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஸ்டெல்லா என்னை அக்கா என்பதுபோல, பீவியை அவர்கள் வழக்கப்படி லாத்தா என்பாள்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாலு பேரும் வீடியோ அழைப்பில் கூடுவோம். வந்தால் ஆளுக்கு ஒரு சந்தேகம் கொண்டுவர வேண்டும். ஒருத்தர் கொட்டாவி விட்டால் இன்னொருத்தருக்கு ஏன் வருகிறது, தேங்காய் விலை ஏறினால் எண்ணெய் விலை ஏறுகிறது, தேங்காய் விலை இறங்கினால் எண்ணெய் ஏன் இறங்குவதில்லை, இப்படி. விடை தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சண்டை போட விஷயம் கிடைத்தால் போதும். நானும் பீவியும்தான் அதிகம் போடுவோம்.

மூன்று வாரமாகப் பீவி வரவில்லை. விசாலத்தைக் கேட்டால் ஜலதோஷம் என்றாள். ஸ்டெல்லாவைத் தனியாகக் கேட்டால் சொந்தத்தில் கல்யாணம், அலைச்சல் என்றாள். பீவியின் நம்பருக்கு அடித்தால் மருமகள் ஜீனத் எடுத்து, "மாமி தொழுதுட்டு இருக்காங்க" என்றாள். காலை பத்தரைக்கும் அதே பதில், மத்தியானம் மூன்றுக்கும் அதே பதில். ஐந்து வேளைத் தொழுகையின் நேரம் எனக்கும் தெரியும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், அதில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது என் உத்தியோக அனுபவம். யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

புதன் மாலை, லோனாவ்ளா தாண்டி

ஒன்றரை நாள் பயணத்தில் எதிர் இருக்கைப் பெண்ணை நான் நம்பவே இல்லை. கல்யாணில் வீடு, தனியார் கம்பெனியில் வேலை என்றாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோலாப்பூரில் எனக்குத் தேநீர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரயிலில் முன்பின் தெரியாதவர் தருவதைக் குடித்து மயங்கியவர்களின் கதை எனக்கு நிறையத் தெரியும்.

லோனாவ்ளாவுக்குப் பிறகு வண்டி மலையிறங்கும். ஆவணி மழையில் பாறைக்குப் பாறை அருவி. அதைப் படம் எடுத்து, "எங்கே இருக்கிறேன் சொல்லுங்கள்" என்று குழுவில் போட்டு மூவரையும் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஃபோன் அருவியோடு போய்விட்டது.

பெட்டி பத்திரமாக இருந்தது, இரண்டு பூட்டோடு. விலாசம், நம்பர், எல்லாம் ஃபோனில். பீவியின் குடும்பம் பட்டறை வீட்டை விட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு நான் மும்பை வந்ததில்லை. மனப்பாடமாகத் தெரிந்தது அவளுடைய நம்பர் ஒன்றுதான்.

"ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. என் ஃபோன்ல பேசுங்க" என்று அந்தப் பெண்ணே நீட்டினாள். ராத்திரி முழுக்க யாரைச் சந்தேகப்பட்டேனோ, அவள்தான். சாப்பிடாததற்குக் காரணமும் சொன்னாள், பல் வலியாம்.

மணி அடித்தது. இந்த முறை எடுத்தது ஜீனத் இல்லை. "யாரு?" என்ற அந்த அதட்டல் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்தது.

"நான்தான்ட்டி, பாக்கியம். மும்பைக்கு வந்துக்கிட்டு இருக்கேன். ஃபோன் தொலைஞ்சுட்டு. இது வேற ஆள் ஃபோனு."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, மோசடிக்காரன் சொல்வதும் இதே வாக்கியம்தான் என்று. குரலைக்கூட இப்போது நகல் எடுத்து ஏமாற்றுகிறார்களாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான்தான் போன வருஷம் குழுவில் சட்டம் போட்டேன். தெரியாத நம்பரிலிருந்து நம்மில் யார் பேசினாலும், நமக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் உடனே ஃபோனை வைக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: மழைக்கு வண்டி நின்ற அன்று என்ன தின்றோம்?

இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெருமழையில், குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே லோக்கல் வண்டி நின்றுபோனது. அப்போது முன்பின் தெரியாத இவர்கள் மூவரும் இருந்த பெண்கள் பெட்டியில் நான் டிக்கெட் கேட்டு வந்துகொண்டிருந்தேன். பீவி பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது, தண்டவாளம் தண்ணீருக்குள் போனது. அவள் டிக்கெட்டை நான் கடைசிவரை பார்க்கவில்லை. மறுநாள் காலைவரை எங்கள் நாலு பேருக்கும் சாப்பாடு, விசாலம் குர்லாவில் வாங்கிய இரண்டு வெள்ளரிக்காய். உப்புக்கூட இல்லை. விசாலம் ரயிலில் காய் நறுக்க வைத்திருந்த கத்தியால் வெட்டிப் பங்கு வைத்தவள் நான். தன் துண்டு சின்னது என்று பீவி அதன்பிறகு சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது. அன்றைக்குத்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

"அன்னைக்கு என்ன தின்னோம்?" என்று பீவி கேட்டாள். சட்டத்தை மறக்கவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது.

"வெள்ளரிக்காய்."

"பொய். எங்கிட்டயா ஏமாத்துத? வைட்டி ஃபோன, களவாணி!"

வைத்துவிட்டாள். அதன்பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் சரியான டிக்கெட்டோடு நான் பிடிபட்டேன்.

புதன், விளக்கு வைக்கும் நேரம், மாட்டுங்கா

தாதரில் இறங்கி டாக்சி பிடித்தேன். மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏறினேன். டிரைவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். "இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தேன் என்கிறீர்கள், இன்னும் எங்களை நம்பவில்லையா அம்மா?" என்று இந்தியில் கேட்டார். "இருந்ததால்தான்" என்றேன். மாட்டுங்கா கிழக்கு வரை நாற்பத்தைந்து ரூபாய் ஆனது.

விசாலத்தின் வீடு பூக்கடைகளுக்குப் பின்னால், இரண்டாவது மாடி. நாற்பது வருஷமாக அதே வீடு. மணி அடித்தேன். கதவு சங்கிலியளவுக்குத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

"பாக்கியமா? ஃபோன் பண்ணாம அவ வரமாட்டாளே. யாரு நீங்க?"

"நேர்ல நிக்கேன், உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நீ போட்ட ரூல்தானேடி. சொல்லு, அன்னிக்கு என்ன சாப்ட்டோம்?"

"வெள்ளரிக்காய்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம் சங்கிலி கழன்றது. விசாலத்தின் கண் நிறைந்திருந்தது. வந்த சந்தோஷம் என்று நினைக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா? சரியான விடை சொன்னதற்கு யாராவது அழுவார்களா?

காபி கொடுத்தாள். ரசம் சாதம் போட்டாள். ஊர்க்கதை எல்லாம் பேசினாள். அவள் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள், இரண்டு வருஷம் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கு மகன் ஊருக்கு வெளியே கோபர்கைரனேயில் இடம் பார்க்கிறான், அங்கே நல்ல கறிவேப்பிலை கிடைக்குமோ என்னவோ என்று ஓயாமல் பேசினாள். பீவி பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

நான் கை கழுவப் போனபோது, சமையல்கட்டில் ஸ்டெல்லாவோடு தணிந்த குரலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு நின்று கேட்டேன்.

"இவளுக்கு மாதுளம்பழம் தெரியாதுடி. வெள்ளரிக்காய்னுதான் சொல்றா. நாளைக்கு உங்காத்துக்கு அழைச்சுண்டு வரேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். விடையை மாற்றிவிட்டார்கள். நான் போட்ட சட்டத்தில், நான் வைத்த விடையை, எனக்கே சொல்லாமல். அப்படியென்றால் என்னைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பேரும் வேறு நேரத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் என்ன குற்றம் செய்தேன்? விசாலம் பாய் விரித்துக் கொடுத்தபோது, "தூக்கம் வருது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வியாழன் காலை, செம்பூர்

மாட்டுங்காவிலிருந்து குர்லா, அங்கே மாறிச் செம்பூர். இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஐந்து ரூபாய். விசாலம் டிக்கெட்டைக் கைப்பைக்குள் போடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வழியில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ, குறைந்தபட்சக் கட்டணம் இருபத்தாறு ரூபாய். தாதரிலும் மாட்டுங்காவிலும் ஆட்டோ கிடையாது, சயானுக்கு இந்தப் பக்கம்தான் ஓடும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டெல்லா கதவைத் திறந்து, "யக்கா!" என்று கட்டிக்கொண்டாள். நான் கையைக்கூடத் தூக்கவில்லை.

"மாதுளம்பழம்" என்றேன். "போதுமா? இல்ல, அதையும் மாத்தியாச்சா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நாங்க மாத்தலக்கா. பீவி லாத்தாக்கு மாறிப்போச்சு."

நாலைந்து மாதமாகவே பீவிக்கு மறதி. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு பட்டறைக்கு வழி. மூன்று வாரத்துக்கு முன் விசாலம் புது நம்பரிலிருந்து பேசியபோது பீவி கேள்வி கேட்டிருக்கிறாள். வெள்ளரிக்காய் என்று விசாலம் சொன்னதும் பொய் என்று கத்தியிருக்கிறாள். மாதுளம்பழம்தான் தின்றோம், எனக்கு நல்லாத் தெரியும் என்று அழுதிருக்கிறாள். டாக்டரிடம் காட்டி, மாத்திரை நடக்கிறது. மாத்திரையால் பழையபடி ஆகிவிடாது, கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றாராம்.

"எதிர்த்துப் பேசக்கூடாதுக்கா. ஆஸ்பத்திரியில நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுப்போம். அவங்க சொல்றதுக்கு ஆமான்னு சொல்லிட்டா அமைதியா இருப்பாங்க. திருத்தப் போனா பயந்துபோவாங்க. அதனாலதான்..."

"அதனாலதான்?"

விசாலம்தான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. "அதனாலதான் நோக்குச் சொல்லலை. அவ தப்பாச் சொன்னா நீ விடவே மாட்டே. சண்டைக்கு நிப்பே. அவளால அது தாங்க முடியாதுன்னு, நாலு மணிக்கு அவளைக் கூப்பிடறதை நிறுத்தினோம். ஜீனத்தையும் நாங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னோம்."

ஆக, பீவியை மறைத்து வைத்தது என்னிடமிருந்துதான். நோய் பீவிக்கு, பத்தியம் நான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அழுகைதான் வந்தது. ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நோயாளிகளைப் பார்த்தவள்.

"நான் சண்டை போடமாட்டேன்" என்றேன். "எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுதேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வியாழன் மாலை, தாராவி

சயானில் இறங்கி, தாராவியின் பெரிய தெருவான தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் நடந்தோம். குடிசைப் பகுதி என்று யாரும் தாராவியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். அங்கே யாருக்கும் அதற்கு நேரம் கிடையாது. ஒரு சந்தில் தோல் வெட்டுகிறார்கள், அடுத்ததில் மிஷின் ஓடுகிறது, அதற்கடுத்ததில் பரோட்டாவுக்கு மாவு அடிக்கிறார்கள். "ஏ, ஹட்டு ஹட்டு!" என்று கத்திக்கொண்டு தலையில் மூட்டையோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் "ஒதுங்குங்க அத்தை" என்று தமிழுக்கு மாறினார்.

பீவி வீடு ஏழாவது மாடி. லிஃப்டில் ஆளுயரக் கண்ணாடி. "லிஃப்ட்ல எதுக்குடி கண்ணாடி வைக்கறா? இதுதான் இன்னிக்கு என் சந்தேகம்" என்றாள் விசாலம், என்னைச் சிரிக்க வைக்க. கண்ணாடியில் மூன்று கிழவிகள் தெரிந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் திருட்டு முழி.

ஜீனத் கதவைத் திறந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு பீவி முன்னால் வந்து வாசலை மறித்து நின்றாள். மெலிந்திருந்தாள். முக்காட்டுக்குள் அதே கூர்மையான கண்.

"மாமி, உங்க சிநேகிதிங்க."

"இருட்டி, நீ சும்மா. கேக்காம விடப்படாது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மழைக்கு வண்டி நின்ன அன்னைக்கு என்ன தின்னோம்?"

விசாலம் என் முதுகில் விரலால் குத்தினாள். டிக்கெட் இல்லாத ஒருத்தரை நான் என் உத்தியோகத்தில் விட்டதில்லை. பொய் டிக்கெட்டில் நானே ஏறுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"மாதுளம்பழம்" என்றேன்.

பீவி உடனே நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "வா" என்று வழி விட்டாள். அந்த "வா"வில் சந்தோஷமே இல்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது.

உட்கார்ந்தோம். ஜீனத் பால் விடாத சுலைமானி டீயும் சமோசாவும் கொண்டுவந்தாள். மணி நாலு ஆகியிருக்க வேண்டும், யாரும் சொல்லாமலே சந்தேகம் ஆரம்பித்தது. விசாலம் லிஃப்டுக் கண்ணாடியைக் கேட்டாள். காத்திருக்கும் அலுப்புத் தெரியாமல் இருக்க என்று ஸ்டெல்லா சொன்னாள். ஏழு மாடிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறோம் என்று நான் கேட்டேன். ஸ்டெல்லா, புறாவுக்குத் தீனி போடலாமா கூடாதா என்று ஊரே சண்டை போடுகிறதே, புறாவிடம் யாராவது கேட்டார்களா என்றாள். எல்லாரும் சிரித்தோம். பீவியும் சிரித்தாள். இதைப் போய் என்னிடமிருந்து மூன்று வாரம் ஒளித்துவைத்தார்களே என்று இருந்தது.

"மாட்டுங்கா ஸ்டேஷன்ல எறங்கினா முன்னால கடல் தெரியும்லா?" என்றாள் பீவி திடீரென்று.

"ஆமாமா" என்றாள் விசாலம். அந்த ஸ்டேஷனில் நாற்பது வருஷம் ஏறி இறங்கியவள்.

"நல்லாத் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

நான் சமோசாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

பீவி என்னைப் பார்த்தாள். பிறகு விசாலத்தைப் பார்த்தாள். "உனக்கு மூணு மக்கள்லா, விசாலம்? மூணு பேரும் நல்லா இருக்காங்களா?"

விசாலத்துக்கு ஒரே மகன். அவள் ஒரு நொடி தடுமாறிவிட்டு, "ம், மூணு பேரும் சௌக்யம்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்த வாக்காவது ஒன்றாவது! "என்னட்டி உளறுத?" என்று கத்திவிட்டேன். "அவளுக்கு ஒரே ஒரு மகன்தான். ரமேஷு. அவன் கல்யாணத்துல நீ ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்ச. மாட்டுங்காவுல எங்கட்டி கடல் இருக்கு? உங்க வாப்பா வெட்டி விட்டாரோ?"

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இறுக்கினாள். ஜீனத் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

பீவியின் முகம் மெல்ல மலர்ந்தது. ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அப்படிக் கேளு" என்றாள். "எனக்குத் தெரியாதா, இவளுக்கு ஒரு மவன்னு? வேணும்னுதான் சொன்னேன். இன்னைக்கு எஞ் சந்தேகம் இதுதான். நான் எதச் சொன்னாலும் எல்லாரும் ஆமா போடுதீங்களே, ஏன்?"

ஸ்டெல்லா என் கையை விட்டாள்.

"மவனும் ஆமாங்கான், மருமவளும் ஆமாங்கா, நீங்களும் ஆமாங்கீங்க. சில நேரம் எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது. சில நேரம் ஒண்ணும் வெளங்கல. ரெண்டு நேரமும் ஆமான்னு சொன்னா, எது எந்த நேரம்னு நான் எப்படிட்டி கண்டுபிடிக்க?"

"பயப்படக் கூடாதுன்னுதான் லாத்தா..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"ஆமான்னு சொன்னாத்தாம்ளா பயமா இருக்கு. இவளுவ நெசமாவே என் கூட்டாளிகதானா, இல்ல வேற யாரும் வந்து உக்காந்திருக்காளுகளான்னு வருது." பீவி என் பக்கம் திரும்பினாள். "நேத்து ஃபோன் வந்தப்போ எனக்கு மாதுளம்பழம்தான் தெரிஞ்சுது. எங்க உம்மா நோவாக் கிடந்தப்போ நான் உரிச்சு உரிச்சுக் குடுப்பேன். அது எப்படியோ ரயிலுக்குள்ள ஏறிட்டு."

"டிக்கெட் இல்லாம" என்றேன்.

"வச்ச பொறவுதான் நெனப்பு வந்துச்சு, அது வெள்ளரிக்காயில்லான்னு. அப்போ பேசுனது பாக்கியம்தான்னு ஒரு சந்தோசம். அவ ஒருத்தியாவது மாத்திச் சொல்லலியேன்னு. இன்னைக்கு உன்னை வாசல்ல பாத்ததும் கேட்டேன். நீயும் மாதுளம்பழங்குத." அவள் கண் கலங்கியது. "நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்ட்டி."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். விசாலமும் ஸ்டெல்லாவும் அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது பீவி ஒருத்திதான். அவள்தான் எங்களுக்கு ஏற்பாடு சொன்னாள். விசாலமும் ஸ்டெல்லாவும் அவர்கள் இஷ்டப்படி மாதுளம்பழம் சொல்லிக்கொள்ளலாம். அடிக்கடி நேரில் வந்து பார்த்துக்கொள்கிறவர்கள், கதவைத் திறக்க வைக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. நான் மட்டும் மாற்றக்கூடாது.

"நான் பொய்யின்னு சொல்லி ஃபோன வைப்பேன், பாத்துக்கோ. ஏசுனாலும் ஏசுவேன்."

"வச்சா?"

"திரும்ப அடி. நீ டிக்கெட் கேட்டா விடுத ஆளா?"

வெள்ளி மதியம், கல்யாண் தாண்டி

நேர் வண்டியில் இடம் கிடைக்கவில்லை. சென்னை வண்டியில் தாதரில் ஏறினேன், அங்கிருந்து திருநெல்வேலிக்கு வேறு வண்டி. விசாலம் தன் பழைய ஃபோனைச் சிம்மோடு கொடுத்திருந்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். பெட்டிக்கு இந்த முறை ஒரு பூட்டுத்தான் போட்டேன்.

இந்தப் பயணத்தில் நான் சந்தேகப்பட்ட எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டார்கள். டாக்சிக்காரர், பல்வலிப் பெண், விசாலம், ஸ்டெல்லா, ஜீனத், எல்லாரும். அதனால் என் புத்தி மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் யார் மணி அடித்தாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். ஆனால் ஒருத்தி என்னை நம்புவதற்கு, நான் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தச் சண்டைக்கு அவள் ஈடுகொடுப்பாளோ தெரியவில்லை.

கல்யாண் தாண்டியதும் பீவிக்கு அடித்தேன்.

"யாரு?"

"பாக்கியம்."

"அன்னைக்கு என்ன தின்னோம்?"

"வெள்ளரிக்காய்."

"பொய்" என்று வைத்தாள். திரும்ப அடித்தேன். களவாணி என்றாள், போலீசுக்குச் சொல்லுவேன் என்றாள், வைத்தாள். பக்கத்து இருக்கைக்காரர் பேப்பரை இறக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். வண்டி கர்ஜத்தில் நின்றது. மலையேற, பின்னாலிருந்து தள்ளும் இஞ்சின்களை அங்கேதான் மாட்டுவார்கள். மலைக்குள் போனால் சிக்னல் இருக்காது. மூன்றாவது தடவை அடித்தேன்.

"யாரு?"

"பாக்கியம். வெள்ளரிக்காய்."

வைக்கவில்லை. அவள் பக்கத்தில் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வடை விற்கிறவர் கத்திக்கொண்டு போனார். நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு இருந்துச்சா?" என்றாள் பீவி.

"இல்ல."

"எனக்குத்தான் சின்னத் துண்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பொய் சொல்லாதட்டி" என்றேன். "எல்லாத்தையும் ஒரே அளவாத்தான் வெட்டினேன். நீதான் முதல்ல எடுத்த, பெருசாப் பாத்து."

"நானா? ஏட்டி, வாய் கூசாமச் சொல்லுதியே!"

வண்டி மலையேறத் தொடங்கியது. முதல் சுரங்கத்தில் சிக்னல் போகும்வரை சண்டை போட்டோம்.